வீட்டுச் சங்கமும் ஊர் விலக்கும்
(நாகர்கோவிலில் குடியிருப்போர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



வீட்டுச் சங்க விதிகளைப்பற்றிப் பேசும்படி தலைவர் நம்மைக் கேட்டுக்கொண்டார். விதியே கூடாதென்று சொல்ல நாம் வரவில்லை. கிணற்றடியை அசுத்தம் செய்யாதே, ஓடையை அடைக்காதே, சந்தாவை ஒழுங்காய்க் கட்டு என்பனவெல்லாம் அவசியமான விதிகளேயாகும். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் சங்கம் கூடித் துணைவிதி வகுத்துக்கொள்ள 2022ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே செய்யப்பட்டது. ஆனால் ஓடையைப் பார்க்க வந்த சங்கம் அடுக்களைக்குள்ளும் மணவறைக்குள்ளும் எட்டிப் பார்ப்பானேன் என்பதுதான் நமது கேள்வி.

இந்த வியாதி நாஞ்சில் நாட்டிற்குப் புதிதல்ல. தோளில் சீலை போடுவதற்குக்கூட நம் நாட்டுப் பெண்கள் பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. 1859ல் நாடார் பெண்களுக்குத் திருவிதாங்கூர் அரசர் அனுமதி கொடுத்தபோதும், மேல்ஜாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாதென்று நிபந்தனை போட்டார். துணி அவள் காசில் வாங்கியது. விதி மட்டும் அடுத்தவனுடையது!

அரசாட்சி போயும் ஊர்க்கட்டுப்பாடு போகவில்லை. நாம் பிறந்த ஊரில் ஒரு பையன் வேறு ஜாதியில் கல்யாணம் செய்துகொண்டான். அவன் தகப்பனார் கொண்டுவந்த தலைக்கட்டு வரியை ஊர்க்கூட்டம் வாங்க மறுத்தது. வரி வாங்காவிட்டால் என்ன அர்த்தம்? அவ்வீட்டுக் கல்யாணத்திற்கு ஆள் இல்லை, சாவிற்குத் தோள் இல்லை என்று அர்த்தம். அப்பெரியவர் இறந்தபோது பாடை தூக்க வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டியதாயிற்று. அன்று ஊர்க்கூட்டத்தில் வாய் திறவாது உட்கார்ந்திருந்தவர்களில் நாமும் ஒருவர். அந்த வெட்கத்தினாலேயே இன்று பேசுகிறோம்.

"இது பட்டிக்காட்டு வழக்கம், படித்தவர்கள் செய்வார்களா?" என்பீர்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத் தெருவொன்றில் வீட்டுக்காரர்கள் 1911ல் கூடி, 50 வருஷத்திற்கு வெள்ளையரல்லாதார் குடியிருக்கக்கூடாதென்று பத்திரம் எழுதிக்கொண்டார்கள். அப்பேர்ப்பட்ட பத்திரத்தைக் கோர்ட்டுகள் நிறைவேற்றிக் கொடுக்கக்கூடாதென்று 1948ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. நமது சுப்ரீம் கோர்ட்டோ, பார்சிகள் மட்டுமே அங்கத்தினராகலாமென்ற ஒரு குஜராத் வீட்டுச் சங்கத்தின் விதி செல்லுமென்று 2005ல் சொல்லிற்று. சங்கம் கூடுவது ஜனங்களின் சுதந்திரமாம்! உள்ளே கூடுகிறவனுக்குச் சுதந்திரம் சரி; கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்கு என்ன?

ஆகவே தோழர்களே, எந்த விதி வந்தாலும் ஒன்று கேளுங்கள்: "இதை மீறினால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன நஷ்டம்?" பதில் உண்டானால் விதி இருக்கட்டும். "வழக்கம்", "கௌரவம்" என்பதுதான் பதிலானால் அதை அடித்துவிடுங்கள். எதிர்த்துக் கைதூக்க வேறொருவரும் இல்லாவிட்டாலும் நீங்கள் ஒருவராவது தூக்குங்கள். நாம் அன்று தூக்கவில்லை.