இருவர் அமரும் வண்டி
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுவோர் உளர். சமயம் பேசுவோர் உளர். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எம்மை அழைத்து, "உங்கள் சிவப்பு வண்டியைப் பற்றியே பேசிவிடுங்கள், பார்ப்பவரெல்லாம் என்னைத்தான் விசாரிக்கிறார்கள்" என்றார். "ஒரு குமாஸ்தாவுக்குப் பந்தயக் கார் ஏன்?" என்று சிலரும், "ஊரில் நிலத்தை விற்றுவிட்டாரோ?" என்று சிலரும் வினவியதாக அறிந்தோம். நிலமும் இல்லை, விற்கவும் இல்லை. நடந்ததை நடந்தபடியே கூறுகிறோம். எம் பட்டறிவு இங்குள்ள எவருக்கேனும் ஒரு நட்டத்தைத் தவிர்க்குமாயின் அதுவே போதும்.

முதற்கண், "ஸ்போர்ட்ஸ் கார்" என்பது யாது? பந்தயத் திடலில் மட்டும் ஓடுவது அன்று. தாழ்ந்த உடலும், குறைந்த எடையும், பெரும்பாலும் இரண்டே இருக்கைகளும் உடையது. பணிக்குச் செல்வதற்கன்றி, ஓட்டும் இன்பத்திற்கென்றே செய்யப்பட்டது. சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்த காலத்தை நம்மில் மூத்தோர் நினைவு கூர்வர். அப்பந்தயங்களை நடத்தி வந்த மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953 இல் தோன்றியது. உலகில் இவ்வகை வண்டிகள் மங்கிய ஒரு காலத்தில், 1989 இல் ஜப்பானிய மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்.5 என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. 2016 ஆம் ஆண்டிற்குள் அதில் பத்து இலட்சம் வண்டிகள் உற்பத்தியாயின. எனவே, இவ்வாசை எம் ஒருவரின் பித்து அன்று என்பது தெளிவு.

நம் நாட்டில் ஓர் எழுத்தரின் கைக்கு எட்டும் தொலைவில் இருப்பவை மிகச் சில. அவற்றுள் இரண்டைப் பற்றி யாம் ஆராய்ந்தோம்.

ஒன்று, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதனை வரைந்தவர் இத்தாலிய நாட்டு மிக்கலோட்டி. எஞ்சின் 948 சி.சி. தனித்த இரும்புச் சட்டகத்தின்மீது உடல் பொருத்தப்பட்டது. முன்மூடியும் இரு மட்கார்டுகளும் ஒன்றாக முன்பக்கம் சாயும். மெக்கானிக் சக்கரத்தின்மேல் அமர்ந்தே வேலை செய்யலாம். 25 அடி வட்டத்திற்குள் திரும்பிவிடும். இதே சட்டகத்தைச் சற்றுக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962 இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தனர். ஆகவே சென்னை ஹெரால்டு அதற்கு நெருங்கிய உறவு.

மற்றொன்று, சான் ஸ்டார்ம். இது நம் பெங்களூருக்கும் எம் தொழிலுக்கும் ஒருசேர உறவுடையது. இங்கு இரயில் எஞ்சின்கள் செய்யும் சான் நிறுவனத்தின் குழுமத்தைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ், 1998 இல் வெளியிட்ட இருவர் வண்டி அது. கோவாவில் உற்பத்தியாயிற்று. ஃபைபர் உடல், பிரான்சு நாட்டு ரெனோ நிறுவனத்தின் 1149 சி.சி. எஞ்சின், ஏறக்குறைய 60 குதிரைத் திறன். இன்று அஃது உற்பத்தியாவதில்லை. இரயில் எஞ்சின் செய்வோரின் குடும்பத்தில் பிறந்த வண்டி என்றறிந்ததும் எம் மனம் அதன்பால் சாய்ந்ததில் வியப்பில்லை அன்றோ!

ஆயினும் முதலில் யாம் சென்றது ஒரு ஹெரால்டைத் தேடி. இங்கேதான் எம் பிழையைக் கூறவேண்டும். ஒரு தரகர் காட்டினார். வெண்ணிறம், கண்ணாடிபோல் மின்னியது. யாம் சுற்றிச் சுற்றி வந்தோம். "இன்றே முன்பணம் தாருங்கள், நாளைக்கு வேறொருவர் வருகிறார்" என்றார் அவர். இருபத்தைந்தாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டோம். இல்லத்தில் சொல்லவில்லை. பின்னர் எம் நண்பரான ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் மின்னும் உடலைப் பார்க்கவே இல்லை. தரையில் சாக்கை விரித்துப் படுத்து, ஸ்குரூ டிரைவரால் அடிச்சட்டத்தைக் குத்தினார். அது பிஸ்கட்டைப்போல் உள்ளே சென்றது. எழுந்து, பதிவுச் சான்றிலுள்ள சட்டக எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டார். இரண்டும் வேறு. சான்றிலிருந்த உரிமையாளரோ காலமாகிப் பல்லாண்டுகள் ஆயின. முன்பணம் திரும்பவில்லை.

ஒரு திங்கள் இதனை மறைத்தோம். உண்ட சோறு செரிக்கவில்லை. இறுதியில் எம் இல்லத்தரசியிடம் கூறினோம். அவர் கடிந்து பேசவில்லை. "அலுவலகத்தில் ஒரு ரூபாய்ச் செலவுக்கும் கோப்பைக் கேட்பவர், வீட்டுப் பணத்துக்குக் கோப்பைக் கேட்காமல் விட்டீர்களே!" என்றார். இருபது ஆண்டுகளாகக் கோப்புகளைப் படித்தே ஊதியம் பெறும் எமக்கு அச்சொல் சுட்டது. "இனி ஒரு வண்டி பார்ப்பதானால் நானும் வருவேன்" என்பது அவர் விதித்த நிபந்தனை.

அடுத்த ஆண்டு சான் ஸ்டார்ம் ஒன்று விற்பனைக்கு வந்தது. உரிமையாளர் ஒரு கன்னடப் பெரியவர். முழங்கால் வலியால் அத்தனை தாழ்ந்த இருக்கையில் அமர்ந்தெழ இயலாது போயிற்று. வண்டியைக் காட்டுமுன் அவர் ஒரு தடித்த கோப்பை மேசைமீது வைத்தார். வாங்கிய நாள் முதலாக எண்ணெய் மாற்றிய சீட்டு, டயர்ச் சீட்டு, காப்பீடு, வரி என எல்லாம் நாள்வாரியாக இருந்தன. எம் இல்லத்தரசி ஒரு மணி நேரம் அதனைப் படித்தார். பின்னரே யாம் வண்டியைக் கண்டோம். நிறம் சற்று மங்கியிருந்தது. ஓரிடத்தில் கீறலும் இருந்தது. ஆயினும் வாங்கினோம். விலை எம் எட்டுத் திங்கள் ஊதியத்திற்கு ஈடாயிற்று. பிள்ளைகளின் படிப்புக்கென வைத்த பணத்தைத் தொடவில்லை, கடனும் வாங்கவில்லை. அரசுப் பணியாளருக்குரிய கடமைப்படி அலுவலகத்திற்கும் எழுதித் தெரிவித்தோம்.

அன்பர்களே! பழைய வண்டியின் குணம் அதன் பெயிண்டில் இல்லை, கோப்பில் உள்ளது. யாம் கற்றவற்றுள் சிலவற்றைக் கூறுகிறோம்.

ஃபைபர் உடல் துருப்பிடியாது, வெடிக்கும். ஆனால் அதன் அடியிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே வண்டியை உயர்த்தி அடியைக் காணாமல் பணம் தரலாகாது. டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டு 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அதிகம் ஓடாத வண்டியின் டயர் தேயாமலே முதுமையடையும்; மேலே பார்க்கப் புதிதுபோல் தோன்றும். இன்னொன்று, பெட்ரோல். எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்து, 2025 இல் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய வண்டியின் இரப்பர்க் குழாய்கள் அதற்கெனச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பிக் கசிந்தால் தீ விபத்தே நேரலாம். வாங்கிய முதல் வாரத்திலேயே ஜே.சி. ரோட்டில் அலைந்து, எத்தனாலைத் தாங்கும் குழாய்களை வாங்கி மாற்றிவிட்டோம்.

அடுத்து, சட்டம். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த கார்களுக்கு இக்கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக 2022 ஏப்ரலில் உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாயிற்று. இதனை விலையோடு கூட்டிப் பார்க்காமல் "மலிவு" என்று மகிழ்வது அறியாமை. 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டியாகத் தனியே பதிவு செய்ய 2021 இல் விதி வந்தது. ஆனால் அவ்வாறு பதிந்தவற்றைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் சாலையில் ஓட்டலாகாது. ஹெரால்டை விரும்புவோர் இதனை மனத்திற் கொள்க.

வண்டி கைமாறினால் விற்பவர் 14 நாட்களிலும், வாங்குபவர் 30 நாட்களிலும் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசு முதலில் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட பின்னரே விற்றல் முறை. நம்மவர் பலர் தமிழ்நாட்டிலிருந்து வண்டி கொணர்கின்றனர். அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும். பன்னிரண்டு திங்களுக்குமேல் இங்கு வைத்திருந்தால் கர்நாடகப் பதிவு பெற்று, இங்குள்ள வரியையும் செலுத்த வேண்டும். நாம் வாழும் மண்ணின் விதியை மதித்தல் நம் கடமை.

இனி, இறுதிக் கேள்வி. எம் அன்னையாரையும் சேர்த்து எம் இல்லத்தில் ஐவர். வண்டியிலோ இரண்டே இருக்கைகள். "ஐவர் உள்ள வீட்டுக்கு இருவர் வண்டியா?" என்று எம் மைத்துனர் நகைத்தார். எமக்கும் அது குற்றமாகவே பட்டது. ஆகவே ஓர் ஒழுங்கு செய்தோம். நாட்காட்டியில் எழுதி ஒட்டிவிட்டோம்: ஞாயிறுதோறும் வைகறையில் ஒருவருக்கு முறை. பழைய மதராஸ் சாலையில் ஹொசகோட்டை கடந்து கோலார்ப் பக்கம் சென்று, காப்பி அருந்தி, போக்குவரத்து பெருகுமுன் திரும்பிவிடுவோம். வாரம் ஒருமுறை ஓடுவதால் பாட்டரியும் உயிரோடு இருக்கும். மற்ற ஆறு நாட்களும் யாம் மெட்ரோவில்தான் செல்கிறோம்.

எம் அன்னையாரைத் தாழ்ந்த இருக்கையில் அமர்த்த இருவர் துணை வேண்டியிருந்தது. அமர்ந்த பின்னர், எம் தந்தையார் பணியாற்றிய சிற்றூர் நிலையங்களைப் பற்றி யாம் நாற்பது ஆண்டுகளாகக் கேளாத செய்திகளை வழிநெடுகக் கூறினார். பி.யூ.சி. படிக்கும் எம் மகள் தன் முறையில் வெகுதொலைவு வாய் திறக்கவில்லை. ஹொசகோட்டைக்கு அப்பால், "அப்பா, எனக்குப் பொறியியல் வேண்டாம். கணக்குப் பாடம் படித்து ஆசிரியை ஆகவே விரும்புகிறேன். வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல அஞ்சினேன்" என்றாள். யாம் வண்டியை ஓரமாக நிறுத்தினோம். உடனே விடை கூற இயலவில்லை. அவளைப் பொறியாளராகக் காண்பது எம் பல்லாண்டுக் கனவு. அடுத்த நான்கு ஞாயிறுகளும் முறையை மாற்றி அவளையே அழைத்துச் சென்றோம். ஐந்தாம் ஞாயிறு யாம் இசைந்தோம்.

ஒரே கூரையின்கீழ் ஐவர் வாழ்ந்தும், ஒருவரோடு ஒருவர் தனித்துப் பேச ஒரு மணி நேரம் எமக்கு வாய்த்ததில்லை. பிழைப்புத் தேடி வந்த ஊரில் உழைப்பும் பயணமுமே நாளை விழுங்கிவிடுகின்றன. அந்த ஒரு மணி நேரத்தை எமக்கு இவ்வண்டி தந்தது. அதற்கு ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை, இருவர் சேர்ந்து நடந்தாலும் போதும். ஆனால் எமக்கு வாய்த்தது இது.

வாங்க விரும்புவோருக்கு எம் வேண்டுகோள் மூன்றே: இல்லத்தாரிடம் மறைக்காதீர்; கோப்பைப் படிக்காமல் பணம் தராதீர்; அடியைப் பாராமல் அழகை நம்பாதீர். வாங்கும் எண்ணம் இல்லாதோரும் எம் வீட்டு வாயிலில் வந்து வண்டியைக் காணலாம். குழந்தைகள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்க்கவும் தடையில்லை. ஹாரனை மட்டும் ஒருமுறைக்குமேல் அழுத்தலாகாது!