பள்ளிக்கூடச் சட்டையில் இளநீர்க் கறை

பளைத் தென்னந்தோட்டங்களில் இளநீர் குடித்து வரும் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கும். சிந்தும்போது நிறமே தெரியாது, பிறகுதான் பழுப்பாகும். மட்டையிலுள்ள தனின் என்ற பொருள் காற்றுப் பட்டுக் கறுத்து, பருத்தி நூலில் சாயமாகவே ஏறிவிடுகிறது. இரும்பு கலந்த கிணற்றுத் தண்ணீர் பட்டால் இன்னும் கறுக்கும்.

கறை காயமுன் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சவர்க்காரக் கட்டியை உடனே தேய்த்தால் கறை இறுகும். முதலில் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தடவி, சற்று விட்டு அலசுங்கள். பிறகு சலவைத்தூள் போடலாம். கறை பட்டது கம்பளமென்றால் தேய்க்காமல் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். கறை முழுதாகப் போகுமட்டும் அயன் பண்ண வேண்டாம். சூட்டில் அது நிலைத்துவிடும். குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தை வினாகிரியோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுவாயு கிளம்பும்.