ஆபிரிக்காவும் அம்பாள்குளமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"காட்டு விலங்குகளைக் காணுதல்" என்னும் பொருள் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் பயின்ற மிஷன் பாடசாலையின் வாசிகசாலையில் ஆபிரிக்கப் படப்புத்தகம் ஒன்று இருந்தது. சிங்கமும் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் நிறைந்த அந்நூலைத் தாள் தேயுமளவு புரட்டினோம். விலங்கைக் காண்பதென்றால் கென்யாவுக்கோ தன்சானியாவுக்கோ செல்லவேண்டும் என்றே அன்று எண்ணினேன். 'சபாரி' என்பது சுவாகிலி மொழியிற் பயணத்தைக் குறிக்கும் என்பதும், அச்சொல் அரபு மொழியிலிருந்து அங்கே சென்றது என்பதும் பின்னர் அறிந்தவை.

கடல் கடக்க என்னிடம் பணமேது? சென்ற ஆண்டு ஆனி மாதம் நண்பர்களுடன் வில்பத்துக்குச் சென்றேன். 1938இல் தேசிய வனமாக்கப்பட்டு, போரினாற் பல்லாண்டுகள் மூடிக்கிடந்து, 2010இல் மீண்டும் திறக்கப்பட்ட இடம் அது. பாலை பழுக்கும் காலமாதலாற் கரடியொன்று மரத்திலேறிப் பழம் தின்றுகொண்டிருந்தது. சிறுவயதில் உதடு ஒட்ட ஒட்ட நாம் தின்ற அதே பழந்தான். மாலையில் மணற்பாதையிற் சிறுத்தையொன்று படுத்திருந்தது. ஏழெட்டு ஜீப்புகள் அதைச் சூழ்ந்தன. எல்லார் கையிலும் கைத்தொலைபேசி. அது எங்களை ஒருதரம் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது.

ஊருக்கு வந்து பெரியப்பாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "எடேய் தம்பி, உதுகளைப் பாக்கக் காசு குடுத்தனியோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவர் சிரித்தது நியாயமே. நெல் குடலையாகும் நாள் தொட்டு அறுவடை வரை பரணிலேயே இராக் கழிப்பவர் அவர். யானை வெடியும் ரோச்லைற்றுமே துணை. ஒருமுறை அலியன் ஒன்று ஓரிரவிலே அரை ஏக்கரை அழித்துவிட்டுப் போனது. அவ்வருடம் பெரியம்மாவின் காப்பு ஈட்டுக்குப் போயிற்று. ஆயினும் அவர் யானையை வைது நான் கேட்டதில்லை. "அதுக்குத் தன்ரை வழி தெரியும். நாங்களெல்லோ குறுக்கை இருக்கிறம்" என்பார். வன்னியிற் பிடித்த யானைகளைக் குடாநாட்டுக்குக் கடத்திச் சென்று கப்பலேற்றிய வழிதான் ஆனையிறவு. பெயர் நிலைத்துவிட்டது, பூசல் இன்னும் தீரவில்லை. 2023இல் மாத்திரம் இலங்கையில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர்.

ஆபிரிக்காவிலும் இக்கதை உண்டு. 1951இல் தேசிய வனமாகிய செரங்கெற்றியிலிருந்து, அங்கே மாடு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள் 1959இல் வெளியேற்றப்பட்டனர். நான் புரட்டிய படப்புத்தகத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இருந்ததாக ஞாபகமில்லை.

இனி நமது மாவட்டத்துச் செய்தி ஒன்று. 2018 ஜூன் 21ஆம் திகதி கிளிநொச்சி அம்பாள்குளத்திற் சிறுத்தையொன்று ஊருக்குள் வந்து ஏறத்தாழப் பத்துப் பேரைக் காயப்படுத்தியது. உரிய உதவி உரிய வேளையில் வரவில்லை என்று ஊரவர் முறையிட்டனர். ஈற்றில் அதனை அடித்தே கொன்றார்கள். அக்காட்சியைப் படம்பிடித்துப் பரப்பினார்கள். சிலர் கைதாகவும் நேர்ந்தது. அப்போது பாடசாலை மாணவனாயிருந்த நான் அப்படத்தைப் பார்த்து, "இவர்களும் மனிதரா!" என்று கொதித்தேன். பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிறிது நேரத்தின் பின், "காயப்பட்ட பெடியளுக்கு இப்ப என்ன மாதிரி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் விசாரித்திருக்கவேயில்லை.

அன்பர்களே, பெரியப்பாவுக்கு இப்போது வயது எழுபதை நெருங்குகிறது. கண் பார்வையும் மங்கல். வருகின்ற காலபோகத்துக்கு அவருடைய பரணில் இராக்காவலுக்கு என்னோடு இருவர் தேவை. யானை வந்தாற் காணலாம். வராவிட்டாற் பெரியம்மாவின் தேநீர் உண்டு. விரும்புவோர் கூட்டம் முடிந்தபின் என்னிடம் பெயர் தருக. காசு வேண்டியதில்லை.