கடல் கடந்த கொரிய மொழி

 

தாய்மொழியிற் பாடினால் அயலார் கேளார் என்பது அடிமையுள்ளம் வழிவழியாய்க் கூறிவரும் கூற்று. அதனைக் கொரியமக்கள் பொய்யாக்கிய வரலாறு அறியத்தக்கது.

1910 முதல் 1945 வரை கொரியா சப்பானிய ஆட்சிக்கீழ்க் கிடந்தது. 1938-இற்குப் பின்னர்ப் பள்ளிகளினின்று கொரிய மொழி அகற்றப்பெற்றது. 1940-இல் மக்கள் தம் பெயர்களையே சப்பானிய முறைக்கு மாற்றுமாறு நெருக்கப்பெற்றனர். 1942-இல், கொரிய அகரமுதலி தொகுத்துக்கொண்டிருந்த மொழிக்கழக அறிஞர்கள் தளையிடப்பெற்றனர். இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிக்கப்பெற்ற கையெழுத்துப்படிகள், விடுதலைக்குப்பின், 1945-இல் சியோல் தொடர்வண்டி நிலையக் கிடங்கிற் கண்டெடுக்கப்பெற்றன.

இனி, காலத்தின் திருப்பத்தைக் காண்மின்! 2003-இல் ‘குளிர்காலக் காதற்பாட்டு’ எனும் கொரியத் தொடர்நாடகத்தைச் சப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி, சப்பானியக் குரலேற்றி ஒளிபரப்பியது. நடுவகவைப் பெண்டிர் அதில் உள்ளம் பறிகொடுத்தனர். அது படம்பிடிக்கப்பெற்ற நாமித் தீவிற்குக் கூட்டங்கூட்டமாய்ச் சென்றனர். அதனோடும் அமையாது, நடிகர்தம் இயல்பான குரலையும் மொழியையும் கேட்க விழைந்தனர். 2004 திசம்பரில் அந்நாடகம் கொரிய மொழியிலேயே, சப்பானிய எழுத்துரையோடு மீண்டும் ஒளிபரப்பாயிற்று. எம்மொழியை ஒரு பேரரசு பள்ளியினின்று ஓட்டிற்றோ, அம்மொழியை அந்நாட்டு மகளிரே விரும்பிக் கற்றனர்!

2020-இல் பி.டி.எசு. இசைக்குழுவின், பெரும்பாலும் கொரிய மொழியிலமைந்த பாட்டொன்று அமெரிக்கப் பாட்டுவரிசையில் முதலிடம் பெற்றது. அத்தகைய பாட்டுகளின் பொருளை அயல்நாட்டுச் சுவைஞர்களே தத்தம் மொழியிற் பெயர்த்துப் பரப்புகின்றனர். உடன்பாடுதற்பொருட்டுக் கொரிய எழுத்துக் கற்போரும் பலர். செசோங் அரசன் 1443-இல் வகுத்து 1446-இல் வெளியிட்ட அவ்வெழுத்து கற்றற்கு எளியது. அதன் மெய்யெழுத்துகள் நாவும் வாயும் தொண்டையும் கொள்ளும் வடிவையொட்டி அமைந்தவை. 2021-இல் ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலி கொரியவழிச் சொற்கள் 26-ஐ ஒருங்கே ஏற்றது.

இதிற் குறையும் உண்டு. அதனை மறைத்தல் ஆகாது. அதே 2020-இல் அக்குழுவிற்கு அமெரிக்காவில் முதன்முதல் முதலிடம் ஈட்டித்தந்தது ஆங்கிலப்பாட்டே. இசைக்குழுக்கள் பல ஆங்கில எழுத்துகளையே பெயராய்ச் சூடியுள்ளன. கொரியப் பாட்டுகளினிடையே ஆங்கிலத் தொடர்கள் விரவிக்கிடக்கின்றன. வணிகம் ஒரு மொழியைத் தோளில் தூக்கிச்செல்லும். ஊதியம் வேறுபக்கம் தோன்றின் இறக்கியும் விடும்.

ஆகவே, சுவைஞர் ஆரவாரத்தை மட்டும் நம்பி ஒரு மொழி வாழ்ந்துவிடாது. 2024-இல் நோபல் பரிசு பெற்ற ஆன் காங், தம் புதினங்களைக் கொரிய மொழியிலேயே எழுதியவர். அவர்க்குச் சொற்களஞ்சியத்தைக் காத்தளித்தோருள், அகரமுதலிக்காகச் சிறைபுக்கோரும் உளர். தன் வீட்டிற் போற்றப்பெறாத மொழியைக் கற்க அயலார் வாரார். முதலிற் காத்தனர், பின்னரே உலகம் கேட்டது. இவ்வரிசையை மறவாதிருப்போமாக!