வெறுங்காலும் ஓட்டமும்

1960ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆந் திகதி மாலை, உரோம் நகரின் பழைய வீதிகளிலே ஒலிம்பிக் மரதன் ஓட்டம் நடைபெற்றது. எத்தியோப்பிய மன்னரின் மெய்காப்பாளர் படையைச் சேர்ந்த அபேபே பிக்கிலா அதில் வெறுங்காலுடன் ஓடினார். இருள் சூழ்ந்த வழியிலே படைவீரர் பந்தம் பிடித்து நின்றனர். 42 கிலோமீற்றரையும் 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் ஓடி அவர் முதலாவதாக வந்தார். அந்நாள்வரை அத்தூரத்தை அவ்வளவு விரைவில் எவரும் ஓடியதில்லை.

சப்பாத்து வாங்க வகையில்லாமையால் அவர் அவ்வாறு ஓடினார் என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. சப்பாத்துகள் கிடைத்தன, அவை காலுக்கு இசையவில்லை. வெறுங்காலால் ஓடிப் பயின்றவராதலின், பயின்றவாறே ஓடினார். இங்கே கருதவேண்டியது அந்தப் பயிற்சியையே. வெறுங்கால் ஓட்டத்தைப் புகழ்வோர் பலரும் மறந்துவிடுவது அதுதான்.

தடித்த அடியுடைய சப்பாத்தணிந்து ஓடுவோரிற் பெரும்பாலோர் குதிகாலை முதலில் ஊன்றுகின்றனர். வெறுங்காலுடன் கடினமான தரையில் அப்படி ஊன்றினால் நோகும். ஆகவே வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர் பாதத்தின் முன்பகுதியை மெல்ல ஊன்றிப் பின்னரே குதிகாலைத் தாழ்த்துவர், எட்டும் குறுகிவிடும். இவ்வேறுபாட்டை ஹாவர்ட் பல்கலைக்கழகத்து டானியல் லீபர்மனும் உடனாய்வாளரும் அளந்து, 2010ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் வெளியிட்டனர். முன்பாதம் ஊன்றி ஓடும் வெறுங்காலர்க்கு, நிலத்தைத் தொடும் கணத்தில் ஏற்படும் மோதல் குறைவாயிருந்தது.

இச்செய்தி பரவியதும் சப்பாத்தைக் கழற்றி வீசியோர் அநேகர். ஆனால் உடலின் பாரம் எங்கும் மறைந்து போவதில்லை. இடம் மாறுகின்றது, அவ்வளவே. குதிகாலும் முழங்காலும் தாங்கியதிற் பெரும்பங்கைக் கெண்டைக்கால் தசையும், குதிகாலுக்கு மேலுள்ள தடித்த நாணும், பாதத்தின் நடுவேயுள்ள நீண்ட எலும்புகளும் ஏற்கவேண்டியுள்ளன. தசை சில வாரங்களில் உரம் பெறும்; எலும்புக்கும் நாணுக்கும் பல மாதங்கள் வேண்டும். 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலே, மெல்லிய அடியுடைய சப்பாத்துக்குப் பத்து வாரங்களிற் படிப்படியாக மாறியோரிற் பாதிக்கு மேற்பட்டவரின் பாத எலும்பினுள் வீக்கம் மிகுந்திருந்தது. அதைப் பொருட்படுத்தாது ஓடினால் எலும்பிலே மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகலாம். வெறுங்கால் ஓட்டம் காயங்களை மொத்தத்திற் குறைக்கும் என்பதும் இன்னும் நிறுவப்படவில்லை.

சப்பாத்தைப் பழிக்கவும் வேண்டியதில்லை. 1964இல் தோக்கியோவில் அதே பிக்கிலா, குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களே சென்ற நிலையில், சப்பாத்தும் காலுறையும் அணிந்தே ஓடினார். 2 மணி 12 நிமிடம் 11 செக்கனில் மீண்டும் வென்றார்.

வெறுங்காலுடன் ஓட விரும்புபவர் முதலிற் சில வாரங்கள் நடந்து பழகுதல் நன்று. பின்னர், துப்புரவான சமதரையில் ஒருநாள் விட்டு ஒருநாள் சில நிமிடங்கள் மட்டும் ஓடலாம். மற்றைய ஓட்டத்தைப் பழைய சப்பாத்துடனே நடத்தலாம். உதிரி மணல் மென்மையானதாயினும் கணுக்காலைப் பிரட்டிவிடக்கூடும். கெண்டைக்கால் சற்று உளைதல் இயல்பு. ஆனால் பாதத்தின் மேற்புறத்தில் ஓரிடத்தை அழுத்தும்போது குத்தி நொந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரைக் காணவேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி இடப்பட்டிருத்தலும் அவசியம். நீரிழிவினாற் பாதத்தில் உணர்ச்சி குன்றியோர் இம்முயற்சியில் இறங்கவே கூடாது. முள் ஏறினாலும் அவர்களுக்குத் தெரியவராது.