தேர்வுக் கட்டுரையில் தலைவர்கள்: அலங்காரமா? ஆதாரமா?

(பொதுத் தேர்வும் அரசுப் பணித் தேர்வும் எழுதவிருக்கும் மாணவ மாணவியருக்காக நமது ஜமாஅத் நடத்திய கல்வி வழிகாட்டல் நிகழ்ச்சியில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கட்டுரை வினாவுக்கு விடை எழுதும்போது வரலாற்றுத் தலைவர்களை எடுத்துக்காட்டாகக் கையாள்வது எப்படி என்பது குறித்துப் பேசுமாறு கல்விக் குழுவினர் என்னைப் பணித்துள்ளார்கள். மதரஸாவில் ஓதிய ஒருவருக்கு இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஒரு செய்தி காதில் விழுந்தால், இதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர் அந்த இடத்தில் இருந்தாரா என்று விசாரிக்கக் கற்றுக்கொடுப்பது மதரஸாக் கல்வியின் அடிப்படைகளுள் ஒன்று. அந்தப் பழக்கம் உங்கள் கட்டுரைக்கும் மிகவும் தேவைப்படுகிறது என்பதாலேயே இங்கு நிற்கிறேன்.

பள்ளிப் பொதுத் தேர்வில் குறிப்புகளைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். இந்தியக் குடிமைப் பணி முதன்மைத் தேர்விலோ கட்டுரைக்கென்றே தனித்தாள் உண்டு. அதற்கு 250 மதிப்பெண்கள். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள். எந்தத் தேர்வானாலும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் கையிலெடுப்பது தலைவர்களின் வாழ்க்கையைத்தான். அது நல்ல வழியே. ஆனால் அந்த வழியில் நடக்கும் முறையில்தான் குறை இருக்கிறது.

பெயர்ப் பட்டியல் எடுத்துக்காட்டு ஆகாது

"காந்தி, நேரு, காமராஜர், லிங்கன், மண்டேலா, அப்துல் கலாம் முதலிய தலைவர்கள் விடாமுயற்சியால் உயர்ந்தனர்." இப்படி ஒரு வாக்கியத்தை எத்தனையோ விடைத்தாள்களில் காணலாம். 'விடாமுயற்சி' என்னும் சொல்லை எடுத்துவிட்டு 'நேர்மை' என்று வையுங்கள். 'தன்னம்பிக்கை' என்று வையுங்கள். 'நாட்டுப்பற்று' என்று வையுங்கள். வாக்கியம் அப்படியே நிற்கும். எதற்கும் பொருந்தும் வாக்கியம் எதையும் நிறுவாது.

நீதிமன்றத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு வழக்கறிஞர் ஆறு பெரிய மனிதர்களை அழைத்துவந்து கூண்டில் நிறுத்துகிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதிர்த்தரப்பினர் ஒரே ஒரு சாட்சியைக் கொண்டுவருகிறார். அவர் இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னது நடந்தது என்று சொல்கிறார். நீதிபதி யாருடைய தரப்பை ஏற்பார்? கட்டுரையில் வரும் தலைவரும் ஒரு சாட்சியே. நீங்கள் கூறும் கருத்தை அவருடைய வாழ்க்கையின் ஒரு செயல் மெய்ப்பிக்க வேண்டும். அதற்காகவே அவரை அழைக்கிறோம்.

ஒரு செயல், ஒரு நாள், கொடுத்த விலை

ஆகவே ஒரு தலைவரை அழைக்கும்போது அவர் என்ன செய்தார், எப்போது செய்தார், அதற்காக எதை இழந்தார் அல்லது எதைத் துணிந்தார் என்ற மூன்றையும் எழுதுங்கள். சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

'பதவியும் தொண்டும்' என்பது தலைப்பு என்று கொள்வோம். "காமராஜர் எளிமையானவர்" என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். 1954 ஏப்ரல் 13 இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அவர், மக்கள் செல்வாக்கு குறையாமல் இருந்தபோதே, கட்சிப் பணிக்காக 1963 அக்டோபர் 2 இல் அப்பதவியை விட்டு விலகினார். ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டுக் காலம் வகித்த பதவி அது. அதே காமராஜரை 'கல்வி' என்னும் தலைப்புக்கு அழைத்தால் பதவி விலகலைச் சொல்லிப் பயனில்லை. 1956 இல் அவருடைய ஆட்சி தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்தைச் சொல்ல வேண்டும். பசி என்பது கல்விக்குத் தடை என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதன் விளைவு அத்திட்டம். 1982 இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. மனிதர் ஒருவரே, தலைப்புக்கேற்ப அவருடைய செயல் மாறுகிறது.

'நோக்கமும் வழிமுறையும்' என்பது தலைப்பானால் காந்தியடிகளை அழைக்கலாம். பலரும் 1930 ஆம் ஆண்டின் தண்டி யாத்திரையையே எழுதுவார்கள். மார்ச் 12 இல் 78 தொண்டர்களுடன் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, 240 மைல் தூரம் நடந்து, ஏப்ரல் 6 இல் உப்பு எடுத்தார். இது சிறந்த சான்றே. ஆயினும் இத்தலைப்புக்கு 1922 பிப்ரவரியில் நடந்தது இன்னும் நெருங்கிப் பொருந்தும். சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீவைத்துக் காவலர்களைக் கொன்றதை அறிந்ததும், நாடெங்கும் வீறுகொண்டிருந்த ஒத்துழையாமை இயக்கத்தையே அவர் நிறுத்திவைத்தார். மோதிலால் நேரு போன்ற சக தலைவர்களே அம்முடிவால் மனம் வருந்தினார்கள். வழிமுறை கெட்டால் நோக்கமும் கெடும் என்று நம்பியவர் அதற்காகக் கொடுத்த விலை அது. அந்த விலையை எழுதும்போதுதான் எடுத்துக்காட்டுக்கு உயிர் வருகிறது.

'மன்னிப்பு' என்னும் தலைப்புக்கு நெல்சன் மண்டேலா. 27 ஆண்டுகள் சிறையில் இருந்து, 1990 பிப்ரவரி 11 இல் விடுதலையாகி, 1994 மே 10 இல் தென்னாப்பிரிக்காவின் குடியரசுத் தலைவரானார் என்பதைப் பலரும் அறிவர். 1995 ஜூன் 24 இல் ஜோகன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பை ரக்பி இறுதி ஆட்டம் நடந்தது. தென்னாப்பிரிக்க அணியின் பச்சை நிற ஆடையைக் கறுப்பின மக்களில் பலர் நிறவெறி ஆட்சியின் அடையாளமாகவே கருதி வெறுத்துவந்தனர். மண்டேலா அதே ஆடையை அணிந்து மைதானத்துக்கு வந்தார். வெற்றி பெற்ற அணியின் தலைவரிடம் கோப்பையை வழங்கினார். மன்னிப்பு எப்படியிருக்கும் என்பதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

மாணவியர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைவில் வையுங்கள். 1886 இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912 இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். 1954 இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தை உருவாக்கியவரும் அவரே. பெண் கல்வி குறித்த கட்டுரைக்கு இதைவிட வலுவான சாட்சி வேறு எதற்கு?

பொய்ச் சாட்சி வேண்டாம்

அடுத்து நான் சொல்லவிருப்பதை மிகவும் கவனமாகக் கேளுங்கள். உண்மையான செயலுக்குப் பதிலாகப் பொய்யான செய்தியைத் தலைவர்கள் மீது ஏற்றுவது இன்று பெரும் நோயாகிவிட்டது. கைபேசி வந்தபின் அந்நோய் வேகமாகப் பரவுகிறது.

ஆபிரகாம் லிங்கன் தம் மகனின் ஆசிரியருக்கு எழுதியதாக ஒரு கடிதம் தமிழகப் பள்ளிச் சுவர்களிலும் ஆண்டு மலர்களிலும் பல்லாண்டுகளாக இடம்பெற்று வருகிறது. கருத்து நல்லதுதான். ஆனால் லிங்கனின் எழுத்துகளைத் திரட்டித் தொகுத்த அறிஞர்களின் தொகுப்பில் அப்படியொரு கடிதமே இல்லை. அவர் தோல்விமேல் தோல்வி கண்டு, முடிவில் ஒரே பாய்ச்சலில் குடியரசுத் தலைவரானார் என்று ஒரு தோல்விப் பட்டியலும் உலவுகிறது. அதில் சில தோல்விகள் உண்மை. 1858 இல் செனட் பதவிக்கான போட்டியில் அவர் தோற்றார். ஆனால் 1834 தொடங்கி இல்லினாய்ஸ் மாநிலச் சட்டமன்றத்துக்கு அடுத்தடுத்து நான்கு முறை வென்றதை அப்பட்டியல் மறைத்துவிடுகிறது. பாதி உண்மையும் பொய்ச் சாட்சியே.

மண்டேலா 1994 இல் பதவியேற்றபோது பேசியதாகப் பரப்பப்படும் அச்சம் பற்றிய பத்தி ஒன்று உண்டு. அது மரியான் வில்லியம்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1992 இல் வெளியிட்ட நூலில் உள்ளது. மண்டேலாவின் பதவியேற்பு உரையில் இல்லை. உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு என்று காந்தியடிகள் சொன்னதாக எழுதுகிறார்கள். அந்த வடிவில் அந்த வாசகம் அவருடைய எழுத்துகளில் கண்டெடுக்கப்படவில்லை. அப்துல் கலாமின் படத்தோடு நாள்தோறும் வந்துகொண்டிருக்கும் பொன்மொழிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இது புதிய நோயன்று. 1377 இல் தம் 'முகத்திமா'வை எழுதிய வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், முன்னோர் எழுதிவிட்டார்கள் என்பதற்காகவே ஒரு செய்தியை ஏற்கலாகாது என்று அந்நூலின் தொடக்கத்திலேயே எச்சரிக்கிறார். மூஸா நபி (அலை) காலத்துப் படையில் ஆறு லட்சம் வீரர்கள் இருந்ததாக மஸ்ஊதி போன்ற பெரும் வரலாற்றாசிரியர்கள் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் ஒரு களத்தில் அணிவகுக்க இயலுமா, ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனையில் நடப்பது தெரியுமா என்று கேட்கிறார். எழுதியவர் பெரியவர் என்பது அவருக்குப் போதவில்லை. நமக்குக் கைபேசியில் செய்தி அனுப்பியவர் தெரிந்தவர் என்பது மட்டும் எப்படிப் போதும்?

ஆகையால் ஒரு விதியை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மேற்கோளின் மூலம் உங்களுக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் மேற்கோள் குறிகளைப் போடாதீர்கள். தலைவரின் சொல்லை விட்டுவிட்டுச் செயலை எழுதுங்கள். ஆண்டு சரியாக நினைவில்லை எனில் ஊகித்து எழுதாமல் 'விடுதலைக்கு முன்பு' என்பது போல் எழுதுங்கள். அதில் பொய் இல்லை.

எழுதிக்காட்டும் ஒரு பத்தி

'தலைமை என்பது பொறுப்பேற்பது' என்ற கருத்தை ஒரு பத்தியில் எழுதுவோம்.

"1979 ஆகஸ்ட் 10 இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநராக இருந்தவர் அப்துல் கலாம். ஆனால் செய்தியாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 இல் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, செய்தியாளர்களைச் சந்திக்கும் வாய்ப்பைத் தவான் கலாமுக்கு வழங்கினார். தோல்வியைத் தாம் சுமந்து, வெற்றியைத் தம் குழுவினருக்கு அளிப்பவரே தலைவர்."

ஏறத்தாழ ஐம்பது சொற்கள்தாம். நாள் இருக்கிறது, செயல் இருக்கிறது, விலை இருக்கிறது. இறுதி வாக்கியம் தலைப்போடு இணைக்கிறது. இதைச் சொன்னவர் யார் என்று கேட்டால் அதற்கும் விடை உண்டு. அந்நிகழ்வில் உடனிருந்த கலாம் அவர்களே பல மேடைகளில் எடுத்துச் சொன்னது இது. இன்னொன்றையும் கவனியுங்கள். பலரும் கலாமைத் தேடும் இடத்தில், அவரைத் தலைவராக்கிய மற்றொரு தலைவரை இப்பத்தி காட்டுகிறது. விடைத்தாள் திருத்துபவருக்கு அது புதிதாகத் தோன்றும்.

சுருக்கத்தைக் குறித்து அஞ்ச வேண்டாம். 1863 நவம்பர் 19 இல் கெட்டிஸ்பர்க் நகரில் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் பேசிய லிங்கன் ஏறத்தாழ 270 சொற்களில் முடித்தார். உலகம் நினைவில் வைத்திருப்பது எந்த உரையை என்பது உங்களுக்கே தெரியும்.

புகழ்மாலையும் ஆகாது

ஒரு தலைவரைப் போற்றுவது வேறு. ஆய்ந்து எழுதுவது வேறு. 1949 நவம்பர் 25 இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், அரசியலில் தனிமனிதர் மீது பக்தி கொள்வது வீழ்ச்சிக்கே வழிவகுக்கும் என்று எச்சரித்தார். கட்டுரைக்கும் அது பொருந்தும். 'ஒப்பற்ற', 'ஈடிணையற்ற', 'மாபெரும்' என்னும் அடைமொழிகளை அடுக்குவதால் சான்று வலுப்பெறாது. ஒரு தலைவரின் முடிவைச் சக தலைவர்கள் ஏற்கவில்லை என்றால் அதையும் ஒரு வரியில் எழுதுங்கள். ஒருவருடைய வாழ்வு ஒரு கருத்தை விளக்கும். அது எல்லோருக்கும் எப்போதும் பொருந்தும் விதி என்று எழுதிவிடாதீர்கள்.

தேர்வுக்கு முன் செய்ய வேண்டியது இதுதான். ஐம்பது தலைவர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பாடநூலிலோ நூலகத்திலுள்ள நல்ல வாழ்க்கை வரலாற்றிலோ படித்து, மூன்று செயல்களை ஆண்டோடு குறியுங்கள். பக்கத்திலேயே எந்த நூலில் படித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பதினைந்து செயல்கள் கையிலிருந்தால் ஏறக்குறைய எந்தத் தலைப்புக்கும் ஒன்றாவது பொருந்தும். பொருந்தாவிட்டால் தலைவரே இல்லாமல் எழுதுங்கள். அழைக்காத சாட்சியால் வழக்கு கெடாது. பொருந்தாத சாட்சியால் கெடும்.

அன்புப் பிள்ளைகளே! இது மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் காரியமன்று. இன்று கட்டுரை எழுதும் கை நாளை அறிக்கை எழுதும்; சான்றிதழில் கையொப்பமிடும்; வழக்கில் வாக்குமூலம் பதியும்; மருத்துவக் குறிப்பு எழுதும். சொல்லாத ஒன்றை ஒரு பெரியவர் சொன்னதாக எழுதி மதிப்பெண் பெறப் பழகிய கை, நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதவும் கூசாது. மறைந்தவர்கள் எழுந்துவந்து, நான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுக்கப்போவதில்லை. அதனால்தான் அவர்களுடைய சொல்லும் செயலும் நம்மிடம் அமானிதமாக இருக்கின்றன. அந்த அமானிதத்தைப் பேணி எழுதுங்கள். உங்கள் பேனா உண்மையை எழுதட்டும். உங்கள் உழைப்புக்கு நற்பலன் கிட்டட்டும் என்று துஆச் செய்து அமைகிறேன்.

வஸ்ஸலாம்.