ஓட்டு வாங்கிப் போனவர் பக்கம் மாறினால்?

(தொழிற்சங்க, விவசாயத் தொழிலாளர் சங்க ஊழியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மில் வாசலிலும் வயல் வரப்பிலும் நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. “நம் ஓட்டை வாங்கிக்கொண்டு போனார். போன இடத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார். இனி எவனுக்கு ஓட்டுப் போட்டு என்ன?” என்கிறார்கள். இந்த ஆத்திரம் நியாயமானது. ஆனால் அதிலிருந்து எடுக்கிற முடிவு தவறானது. நம் நாட்டுச் சரித்திரத்தைக் கொண்டே இதைப் பார்ப்போம்.

152 எப்படி 200 ஆயிற்று?

1952 பொதுத் தேர்தல், வயது வந்தோர் எல்லோருக்கும் ஓட்டுரிமை கிடைத்தபின் நடந்த முதல் தேர்தல். பண்ணையாட்களில் மிகப் பெரும்பாலோர் அன்றுதான் முதன்முதலாக ஓட்டுச் சாவடியைக் கண்டார்கள். அன்றைய சென்னை ராஜ்யச் சட்டசபையில் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களில் வென்றது. தோழர் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் ஜெயித்தார். காங்கிரஸ் ஆட்சி வேண்டாம் என்பதே அந்தத் தேர்தலில் ஜனங்கள் சொன்ன தீர்ப்பு.

காங்கிரசை எதிர்த்து வென்றவர்களில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியினர் 19 பேர். காமன்வீல் கட்சியினர் 6 பேர். பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைந்தபோது இவ்விரு கட்சிகளும் அதில் இருந்தன. 166 பேரின் ஆதரவு தனக்கு உண்டு என்று முன்னணி கோரியது. ஆனால் கவர்னர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியைத்தான் அழைத்தார். தேர்தலிலேயே நிற்காத ராஜாஜி மேல்சபைக்கு நியமனம் பெற்று, ஏப்ரல் 10-ல் முதன் மந்திரியானார். காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அதே மந்திரி சபையில் மந்திரியானார். ஜூலை 3-ல் நம்பிக்கை ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 200, எதிர்ப்பு 151. 1954-ல் காமராஜ் மந்திரி சபை அமைந்தபோது உழைப்பாளர் கட்சித் தலைவர் ராமசாமி படையாச்சியும் மந்திரியானார்.

வட ஆற்காட்டிலும் தென் ஆற்காட்டிலும் காங்கிரசை வீழ்த்தவென்று ஓட்டுப் போட்ட ஏழை விவசாயியை யாராவது கேட்டார்களா? கிராமத்தில் ஒரு கூட்டம் போட்டு, “பக்கம் மாறலாமா?” என்று சம்மதம் பெற்றார்களா?

நஷ்டம் யாருக்கு?

மேலே எவரோ பதவி பெற்றார், நமக்கென்ன என்று இருக்க முடியாது. இப்படி நிலைநிறுத்தப்பட்ட அதே ராஜாஜி சர்க்கார்தான் 1953-ல் புதிய ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிராமப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்பு. மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கவேண்டும். குலக் கல்வி என்று ஜனங்கள் அதற்குச் சரியாகப் பெயர் வைத்தார்கள். சேற்றில் நிற்பவன் பிள்ளை சேற்றிலேயே நிற்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் உண்டா? அந்த ஜூலையில், திட்டத்தைக் கைவிடும்படி சட்டசபையில் வந்த தீர்மானத்துக்கு இருபுறமும் 138 ஓட்டுகள் விழுந்தன. தீர்மானம் நிறைவேறவில்லை. ஒரே ஒரு ஓட்டின் விலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வெளியே எழுந்த பெரும் கிளர்ச்சியின் பலத்தால்தான் 1954-ல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

தனி மனிதனின் குணமா?

“ஆள் சரியில்லை” என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் அந்த ஓட்டு எப்படிக் கேட்கப்பட்டது என்று பாருங்கள். அவ்விரு கட்சிகளும் சாதிச் சங்கத்திலிருந்து கிளைத்தவை. “நம்மவர்” என்ற நம்பிக்கைதான் அங்கே ஓட்டாயிற்று. நம்மவர் என்று அனுப்பியபின் அவரைக் கட்டுப்படுத்த ஊரில் கமிட்டி உண்டா? கணக்குக் கேட்க ஸ்தாபனம் உண்டா? இல்லாவிட்டால், அவர் எங்கே உட்காருவது என்பது அவர் ஒருவரின் இஷ்டம்தான்.

சட்டம் தடுக்காதா என்று கேட்கலாம். 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். “ஆயா ராம், கயா ராம்” என்ற கேலி நாடெங்கும் பரவியது. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பிரிந்தால் பதவி போகாது என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். 2003-ல் அதை மூடினார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் வேறு கட்சியில் இணைந்தால் தப்பலாம் என்ற வாசல் மிச்சமிருக்கிறது. ஒருவன் தாவினால் குற்றம், கூட்டமாகத் தாவினால் குற்றமில்லை!

அதுமட்டுமல்ல. இச்சட்டம் உறுப்பினரைக் கட்சிக் கொறடாவுக்குக் கட்டுகிறதே தவிர, ஓட்டளித்தவனுக்குக் கட்டவில்லை. 1871-ல் பாரிஸ் கம்யூன் வேறு வழியைக் காட்டியது. தொழிலாளி வாங்கும் கூலிதான் பிரதிநிதிக்கும் சம்பளம். வாக்குத் தவறினால் தேர்ந்தெடுத்தவர்களே திருப்பி அழைக்கலாம். நம் நாட்டு எம்.எல்.ஏ.வையோ எம்.பி.யையோ திருப்பி அழைக்க ஓட்டருக்கு உரிமை இல்லை.

தஞ்சை தரும் பாடம்

அதே 1952, அதே ராஜாஜி சர்க்கார். சட்டசபையில் நமக்கு மெஜாரிட்டி கிடையாது. ஆயினும் ஆகஸ்டில் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. வாரதாரருக்கு விளைச்சலில் 100-க்கு 40 பங்கு, காரணமின்றிப் பண்ணையாளை வெளியேற்றத் தடை என்று அது விதித்தது. மிராசுதாரர்கள் மனமிரங்கியா இது வந்தது? தோழர் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் சேரி சேரியாகச் சென்று கட்டிய விவசாயச் சங்கம் களத்தில் நின்றது. சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து நின்ற அந்தச் சங்கத்துக்குச் சர்க்கார் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பின்னர் மிராசுதாரர்கள் பண்ணையாளைத் தினக்கூலியாக்கிச் சட்டத்தை ஏய்க்கப் பார்த்தபோதும், எதிர்த்து நிற்கச் சங்கம் இருந்தது.

ஓட்டு வேண்டாம் என்று ஒதுங்கினால் யாருக்கு லாபம்? மில் முதலாளி ஒதுங்குகிறானா? மிராசுதாரன் ஒதுங்குகிறானா? நாம் ஒதுங்கினால் அந்த இடத்தையும் அவர்களே நிரப்புவார்கள்.

ஆகவே, தோழர்களே, சாதிக்கும் பணத்துக்கும் ஓட்டில்லை என்று இன்றே சொல்லுவோம். அபேட்சகர் எவராயினும் கூலி, நிலம், போனஸ், பள்ளிக்கூடம் பற்றிய வாக்குறுதியைச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வாங்குவோம். ஜெயித்தபின் சட்டசபையில் எந்தப் பக்கம் ஓட்டளித்தார் என்ற கணக்கை, மில் வாசலிலும் தெருமுனையிலும் வந்து சொல்ல வைப்போம். நம் கட்சித் தோழர் ஜெயித்தாலும் இதே விதிதான். அவருக்கு விலக்கு வேண்டாம். திருப்பி அழைக்கும் உரிமைக்காகக் குரல் கொடுப்போம்.

ஓட்டு ஒரு நாள் வேலை. சங்கம் அன்றாட வேலை. ஓட்டுப் பெட்டியை மூடியதும் நாம் வீட்டுக்குப் போய்விட்டால், உள்ளே போனவர் எங்கும் போவார். நாம் வாசலில் நின்றால், உள்ளே இருப்பவர் நம்மைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

சங்கத்தைப் பலப்படுத்துவோம்!